பொலிவியாவில் காளி கட்டிய சுயம்பு

முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் கட்டி ஆடுத எங்க குழுவுக்குக் காளிக் கிரீடம் ஒண்ணே ஒண்ணுதான். இத்தனை வருசமா அதைத் தலையில வச்சு ஆடின பால்துரை அண்ணாச்சி, "முட்டி தேஞ்சு போச்சுப்பா, இனி நம்மளால ஆகாது"ன்னு ஒதுங்கிட்டாரு. உடனே ரெண்டு பேரு கிளம்பிட்டானுவ. ஒருத்தன் சுயம்பு, வருசா வருசம் கரடி வேஷம். இன்னொருத்தன் தவசி, வருசா வருசம் குரங்கு. ரெண்டு பேருக்கும் இப்போ காளி கட்டணும். மேளக்காரன் எனக்கு யாரு கட்டினாலும் ஒண்ணுதான், தாளம் தப்பாம ஆடினாச் சரி.

முடிவு சொல்ல வேண்டியது குழுத் தலைவி செல்லக்கனி அக்கா. உடன்குடி பஜார்ல வேஷச் சாமான் வாடகைக்கு விடுத கடை வச்சிருக்கா. அன்னைக்குச் சாயங்காலம் குழு மொத்தமும் அந்தக் கடையிலதான் கூடியிருந்தோம். அக்கா கிரீடத்தை மடியில வச்சு, உதிர்ந்துபோன கண்ணாடிக் கல்லை ஒட்டிக்கிட்டே கேட்டா: "ஏல, ஜனத்துக்கு நடுவுல இந்தப் பாரத்தைத் தூக்கி ஆடின பழக்கம் உங்க ரெண்டு பேருல யாருக்கு இருக்கு? சொல்லுங்க. அவனுக்குத்தான் கிரீடம்."

தவசி தலையைச் சொறிஞ்சான். சுயம்பு எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டினான். கப்பல்ல சமையல்காரனா இருந்தவன் அவன். வேட்டியை மடிச்சுக் கட்டினான்னா ஏதோ ஒரு தேசம் அவன் வாயில மாட்டிக்கிட்டுன்னு அர்த்தம்.

"அக்கா, மனசுல கிடக்கதைச் சொல்லிருதேன். எனக்கு அந்தக் கிரீடம் வேணும். கரடிச் சாக்குக்குள்ள வெந்து வெந்தே செத்துட்டேன். பள்ளிக்கூடத்துல உங்கப்பா என்ன செய்யுதாருன்னு வாத்தியார் கேட்டா, எம்மவன் 'கரடியா இருக்காரு'ங்கான். எவ்வளவு அசிங்கம்! பழக்கமா கேட்டிய? பொலிவியாக்காரன்ட்ட கேட்டுப் பாருங்க, இந்தச் சுயம்பு யாருன்னு!"

"அது எங்க இருக்குவே, சாத்தான்குளம் பக்கமா?"ன்னான் தவசி.

"தென்னமெரிக்காவே! வாயை மூடிக்கிட்டுக் கேளும். எங்க கப்பல் சிலி தேசத்துல எஞ்சின் கோளாறாகி நின்னுட்டு. கேப்டன் லீவு கொடுத்துட்டாரு. நானும் ரெண்டு கூட்டாளியும், மணப்பாட்டு ஜெரோமும் காயாமொழி முத்துமாலையும், ஆளுக்கொரு பையை முதுகுல மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டோம். அங்க பொடியனுவ பூராவும் வீட்டையே முதுகுல கட்டிக்கிட்டுத்தான் ஊர் சுத்துதானுவ. எம் பையில ஒரு சிப்பம் உடன்குடிக் கருப்பட்டி, ஒரு சிவப்புச் சேலை, கப்பல் இட்லிக் கொப்பரை."

"ஊர் சுத்தப் போறவனுக்குக் கொப்பரை எதுக்கு?"ன்னான் தவசி.

"சமையக்காரன் கொப்பரையை விட்டுட்டுப் போவானாவே? சேலை பொண்டாட்டிக்கு வாங்கினது. பொலிவியா எல்லையில போலீஸ் நாய் வந்து பையை மோந்து பாத்துச்சு. கருப்பட்டியை ஒரே ஒரு நக்கு. அம்புட்டுதான், உத்தியோகத்தை உதறிட்டு எங்க பின்னாலேயே வந்துட்டு. போலீஸ்காரன் கூப்பிட்டுப் பாத்தான், திரும்பிக்கூடப் பாக்கல."

அக்கா குனிஞ்ச தலையை நிமித்தாமலே சிரிச்சா. அது போதாதா சுயம்புவுக்கு?

"நாங்க போன ஊரு எங்க இருக்குங்கிய? மேகத்துக்கு மேல! பஸ் ஏறுத ஏத்தத்துல டிரைவர் மல்லாந்து படுத்துக்கிட்டுத்தான் ஓட்டுதான். ஜன்னல் வழியா ஒரு மேகம் உள்ள வந்து முன் சீட்டுல உக்காந்துட்டு. கண்டக்டர் சும்மா விடுவானா? டிக்கெட் எடுக்கலன்னு அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டான். அந்த ஸ்டாப்புல இன்னைக்கும் மழை விடலையாம். அப்புறம் அக்கா, அந்த உசரத்துல சோறு வேகாது. காலையில உலை வச்சா சாயங்காலமும் அரிசி அரிசியாவே கிடக்கும்."

"அது நெசந்தான்"ன்னாரு பால்துரை அண்ணாச்சி. "எம்மவ பாடத்துல படிச்சிருக்கா."

சுயம்புவுக்கு ஒரு நெசம் கிடைச்சா போதும், அதுமேல ஏறி நின்னுக்கிட்டு மிச்சத்தை அடிச்சு விடுவான்.

"பாத்தீரா! தெருவுக்குள்ள காலை வச்சா, ஆத்தீ! கொம்பு வச்ச பேயா ஆடுது. பிதுங்கின கண்ணு, கோரப்பல்லு, நெத்தியில பாம்பு. பேண்டு சத்தம் காதைக் கிழிக்குது. கார்னிவல்னு ஒருத்தன் சொன்னான், எங்களுக்கு என்ன தெரியும்? 'எலே, இது நம்ம தசராடா! இங்கயும் நேர்ந்துக்கிடுதானுவ!'ங்கான் முத்துமாலை. ஊரு பூரா வேஷம் கட்டியிருக்கும்போது நாம மட்டும் பேண்ட் சட்டையோட நின்னா சாமிக் குத்தம் ஆயிராதா? சேலையைச் சுத்துனேன். கொப்பரையைக் கவுத்துத் தலையில வச்சேன். சுத்தியும் கரண்டியாச் செருகினேன். அம்பது கிலோ இருக்கும்."

"இட்லிக் கொப்பரை அம்பது கிலோவா? கொஞ்சம் குறைச்சுக்கிடும்வே"ன்னான் தவசி.

"கப்பல் கொப்பரைவே அது! ஒரு ஈடு அவிச்சா ஒரு துறைமுகமே பசியாறும். சரி, வேஷம் கட்டியாச்சு. அடுத்து என்ன செய்வோம்? வீடு வீடாப் போய்க் காணிக்கை எடுப்போம்லா? முதல் வீட்டு வாசல்ல தட்டை ஏந்திக்கிட்டு, 'தாயே, முத்தாரம்மனுக்குக் காணிக்கை'ன்னேன். மாடியில இருந்து ஒருத்தி ஒரு வாளித் தண்ணியைத் தலையோட ஊத்திட்டா. அங்க திருவிழான்னா அப்படி ஊத்தி விளையாடுதது வழக்கமாம். எனக்கு அது தெரியாதே! காளிக்கு அபிஷேகம் பண்ணுதா, என்ன பக்தின்னு எனக்குக் கண்ணு கலங்கிட்டு. குலவை போட்டுக்கிட்டு அடுத்த வீடு. அங்கயும் ஒரு வாளி. ஒரு வீடு விடல அக்கா. ஊத்தாத வீட்டுலயும் கதவைத் தட்டி, 'நான் என்ன பாவம் பண்ணுனேன் தாயே'ன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்."

கடைக்குள்ள எல்லாரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டோம்.

"சிரிக்கிய? அந்தக் குளிருல தலையில ஊத்துன தண்ணி காலுக்கு வாரதுக்குள்ள ஐஸாப் போச்சு. நாக்கைத் தொங்கப் போட்ட கோலத்துல நடுத்தெருவுல உறைஞ்சுட்டேன். கண்ணு மட்டும் ஓடுது. பேயெல்லாம் சுத்தி வந்து பாக்குது. ஒரு பேய் தன் கொம்பைக் கழத்திக் காலடியில வச்சுக் கும்புடுது. கூட்டம் வரிசை கட்டிட்டு. ஜெரோம் பக்கத்துல நின்னு, சிலுவை போட்டுக்கிட்டே கருப்பட்டியை உடைச்சுப் பிரசாதம் கொடுக்கான்!"

"செத்திருப்பீரே ஓய்"ன்னாரு பால்துரை அண்ணாச்சி, நெசமாவே பதறிப் போய்.

"விடுவானா முத்துமாலை? அவன் பையில கொண்டாந்த பறையை எடுத்து ஒரு அடி. காதைச் சுத்தி இருந்த ஐஸ் விட்டுட்டு. இன்னொரு அடி, இடுப்பு விட்டுட்டு. அப்புறம் ஆடினேன் பாருங்க! பேண்டுக்காரனுவ ஊதுகுழலைக் கீழ வச்சுட்டானுவ. லட்சம் பேயும் எங்க அடிக்கு ஆடுது. லட்சம் பேய் ஒரே தாளத்துல காலை ஊனினா மலை தாங்குமா? ஊரு ஒரு பக்கமாச் சாய்ஞ்சுட்டு. 'பாதிப் பேரு அந்தப் பக்கம் போய் ஆடுங்கலே'ன்னு நான் கையைக் காட்டி நிமித்தினேன். பொழுது சாயும்போது பாத்தா, நாங்க மிதிச்ச மிதியில மலையே கீழ இறங்கிட்டு! அன்னையில இருந்து அந்த ஊர்ல சோறு வேகுது அக்கா."

விசிலடிச்சான் ஒருத்தன். நானும் மேளத்துல ஒரு தட்டு தட்டினேன். தவசி மட்டும் சிரிக்கல. கிரீடம் கையை விட்டுப் போகுதுன்னு மூஞ்சி சுண்டிப் போச்சு அவனுக்கு.

"இம்புட்டு நடந்திருக்கே, ஒரு போட்டோ எங்கவே?"

"ஜெரோம் எடுத்தான். ஒரு போட்டோவுலயும் ஒருத்தனும் நிக்க மாட்டேங்கான், இன்னமும் ஆடிக்கிட்டே இருக்கானுவ. போனுக்குள்ள இருந்து வார சத்தம் தாங்காம எம்பொண்டாட்டி எல்லாத்தையும் அழிச்சுட்டா."

தவசி மெதுவா எந்திரிச்சு, அவனும் வேட்டியை மடிச்சுக் கட்டினான்.

"அக்கா, சுயம்பு சொன்னது அத்தனையும் நெசம். நான் சாட்சி. நானும் அங்கதான் நின்னேன்."

சுயம்புவுக்கு வாய் பிளந்துட்டு. "நீரு எப்பவே வந்தீரு?"

"கண்டக்டர் இறக்கி விட்டானே ஒரு மேகம், அதுக்குள்ளதான் உக்காந்திருந்தேன். என்கிட்டயும் டிக்கெட் இல்ல. மிச்ச மலையை நடந்தே ஏறினேன். அதை விடும். ஆட்டம் முடிஞ்சதும் நீரு என்ன செஞ்சீரு? லட்சம் பேய்க்கு முன்னால கொப்பரையைக் கழத்தி என் தலையில வச்சு, 'தவசி, இனி நம்ம குழுவுல காளி நீருதான்'னு முத்தாரம்மன் மேல சத்தியம் பண்ணுனீரா இல்லையா?"

சுயம்பு இல்லைன்னு சொன்னா, கதை அத்தனையும் புளுகுன்னு ஒத்துக்கிடணும், பழக்கமும் போச்சு. ஆமான்னா கிரீடம் போச்சு. பாவம், கரடிச் சாக்கு அவன் கண்ணு முன்னால வந்து நின்னிருக்கும்.

"பண்ணுனேன்"ன்னான் சுயம்பு. "இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வச்ச உடனே என்ன ஆச்சுன்னு ஏன்வே சொல்ல மாட்டேங்கீரு? கொப்பரை கழுத்து வரைக்கும் இறங்கி மாட்டிக்கிட்டு. ஊரே கூடி இழுத்தும் வரல. நீரு இன்னமும் அங்க கொப்பரைக்குள்ளதான் நிக்கீரு. இங்க நிக்கது யாருன்னே எனக்குத் தெரியல!"

"ஆமா நிக்கேன்!" தவசியும் விட்டுக் கொடுக்கல. "நான் மட்டுமா நிக்கேன்? கூட்டாளியை விட்டுட்டு வர மனசு இல்லாம நீரும் என் கையைப் புடிச்சுக்கிட்டு அங்கதான் நிக்கீரு. இல்லைன்னு சொல்லும் பாப்போம்!"

"நிக்கேன்வே! கூட்டாளிக்காக நிக்க மாட்டேனா? உசிரு போனாலும் நிப்பேன்!"

"ரெண்டு பேருமே நிக்கோம்!"

"நிக்கோம்!"

செல்லக்கனி அக்கா கடைசிக் கல்லையும் ஒட்டி முடிச்சா. கிரீடத்தைத் தூக்கித் தன் தலையில வச்சு, சுவத்துக் கண்ணாடியில இப்படியும் அப்படியும் திரும்பிப் பாத்துக்கிட்டா.

"அப்பம் சரி. மெதுவா வாங்க, அவசரமில்ல. இந்த வருசம் இங்க காளி நான் கட்டிக்கிடுதேன்" அப்படின்னவ, என்னைப் பாத்துத் திரும்பினா. "ஏல மேளம், என்ன பாத்துக்கிட்டு இருக்க? அடி!"