பேய்க்கு வந்த பயம்

பொள்ளாச்சியில் ஒரு மாடியறையில் டெல்பின் மேடம் ஆங்கில வகுப்பு நடத்திவந்தார். வயது முப்பத்திரண்டு. பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்த வரதராசுவுக்கு ஐம்பது. இலக்கணத்தில் புலி. பிழையைக் கண்டால் மனிதருக்குக் கை அரிக்கும்.

அக்டோபர் மாதப் பாடம், பேய் வேஷம் போடும் மேல்நாட்டுப் பண்டிகையான ஹாலோவீன். கோஸ்ட், விட்ச், வாம்பயர் மூன்றுக்கும் ‘பேய்’ என்றே அர்த்தம் சொல்லிச் சமாளித்தார் வரதராசு. பிறகு, “உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நர்ஸ் வஞ்சிக்கொடி தலையைத் தூக்கவே இல்லை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு வியாழக்கிழமை அவருக்கு இன்டர்வியூ. இரண்டு மாதமாக வகுப்பில் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

“இவங்களை எப்படிங்க மேடம் பேச வைக்கிறது?” என்றார் வரதராசு, வகுப்பு முடிந்ததும்.

டெல்பின் மறுநாள் காகிதத் தட்டுகளில் கண்ணுக்கு ஓட்டை போட்டு, ஆளுக்கொன்று முகத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

“இப்ப எல்லாரும் பேய். எந்த ஊர்ப் பேய்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

“ஐ ஆம் கமிங் ஃப்ரம் சுடுகாடு ஒன்லி” என்றது ஒரு தட்டு. வகுப்பே குலுங்கியது. வரதராசு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசி வரிசையில் ஒரு தட்டு மெல்ல எழுந்தது.

“ஐ ஆம் கோஸ்ட். ஐ ஆம் ஃபியர் மேன்.”

எனக்கு மனுஷன்னா பயம் என்பதைத்தான் அது அப்படிச் சொன்னது. குரல் வஞ்சிக்கொடியுடையது.

“ஃபியர் இல்லம்மா, அஃப்ரெய்ட்” என்றார் வரதராசு.

தட்டு உட்கார்ந்துவிட்டது. அப்புறம் எழவே இல்லை.

எல்லோரும் போன பிறகு வரதராசுவுக்கு மனசு கேட்கவில்லை.

“திருத்துனது தப்புங்களா மேடம்? நாளன்னிக்கு இன்டர்வியூ. அங்க போய் இப்படிப் பேசினா வேலை குடுப்பாங்களா?”

“நேத்து அவங்ககிட்ட என்ன கேட்டீங்க சார்?”

“எதைக் கண்டா பயம்னு கேட்டேனுங்க.”

“இன்னிக்குப் பதில் சொன்னாங்களே. காதுல விழுந்துச்சா?”



“ஃபியர்ங்கறது மட்டுந்தானுங்க விழுந்துச்சு.”

டெல்பின் தட்டுகளை அடுக்கி அலமாரியில் வைத்தார்.

“திருத்தறதுக்கு நாளைக்கும் நேரம் இருக்கு. மொதல்ல, ஒரு பேய் எதுக்கு மனுஷனைக் கண்டு பயப்படுதுன்னு கேளுங்க சார். ரெண்டு மாசமா நானும் அதைத் தெரிஞ்சுக்கத்தான் காத்திட்டிருக்கேன்.”