ஒற்றை ஓலைச் சுவடி

முன்னொரு காலத்தில் என்றால் எந்தக் காலம் என்று கேட்பீர்கள். மன்னர் மருதவேந்தர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு யோசிக்கத் தொடங்கிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த யோசனைகளால் நாடு பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஒருநாள் விருந்துக்கு வந்த வெளிநாட்டுக் குதிரை வியாபாரி மன்னரிடம் கேட்டான்: "அரசே, இலையில் சோறு போடுகிறீர்கள். உடம்பில் சட்டை போடுகிறீர்கள். கோழி முட்டை போடுகிறது. இதெல்லாம் போதாதென்று பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டையும் போடுகிறீர்கள். இந்த ஒரு சொல் எத்தனை வேலைதான் செய்யும்?"

மன்னர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்; விரல்கள் போதவில்லை. அன்று அவருக்குத் தூக்கமும் வரவில்லை. விடிந்ததும் சபையில் அதே கேள்வியைக் கேட்டார். இதற்காகவே பிறந்தவர் போலப் பிரதானி கனகசபேசர் எழுந்தார்.

"பிரபு, இதை நம் விகடகவி ஆதிமூலத்தைத் தவிர யாரால் செய்ய முடியும்? எட்டு நாளில் அத்தனையையும் சுவடியாக்கிக் கொண்டுவரட்டும். அன்று மாலை முரசு முழங்கிய பிறகு எவரேனும் ஒரு புதுப் பிரயோகம் சொல்லி, அது சுவடியில் இல்லாமற்போனால், விகடகவியின் ஆசனத்தை எடுத்துவிடலாம்."

ஆசனம் என்றதும் ஆதிமூலத்தின் முதுகு நிமிர்ந்தது. மற்ற நாட்டுச் சபைகளில் விகடகவி நின்றுகொண்டுதான் பேச வேண்டும். இங்கே மட்டும் அவர் பாட்டனார் காலந்தொட்டு உட்கார்ந்து பேசும் உரிமை உண்டு. நின்று பேசுபவன் ஏவலாள், உட்கார்ந்து பேசுபவன் சபையோன். அந்த ஒரு பலகையில்தான் அவர் குடும்பத்தின் கௌரவம் முழுதும் இருந்தது.

"சம்மதமா ஓய்?" என்றார் மன்னர்.

"தங்கள் ஆணை, அரசே."

எட்டு நாளில் ஆதிமூலம் எழுத்தாணியைத் தொட்டது ஒரே முறைதான். வேளாவேளைக்குச் சாப்பிட்டார், கோயிலுக்குப் போய் வந்தார். அவர் மனைவி கமலாட்சி பொறுத்துப் பார்த்துவிட்டு எட்டாம் நாள் கேட்டேவிட்டாள்.

"என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? என் தங்கை புருஷன்கூட நாற்பது எழுதித் தருகிறேன் என்கிறார்."

"நாற்பது எழுதினால் நாற்பத்தொன்றாவதைச் சொல்ல ஆள் இருக்கிறான், கமலா."

"அதற்காக ஒன்றுமே எழுதாமல் போவீர்களா?"

"ஒன்று எழுதியிருக்கிறேனே."

கமலாட்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஆசனம் போய்விட்டதென்றால் எனக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். தெருவில் அடுத்தவர் சொல்லி நான் கேட்கக் கூடாது."

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. அங்கவஸ்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சபை நிரம்பி வழிந்தது. சுவடியைச் சமர்ப்பிப்பவர் தீர்ப்பு வரும்வரை நிற்க வேண்டும் என்பது முறை. ஆதிமூலம் நின்றார். ஓலைக்காரர் சுவடியைப் பிரித்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரே ஓர் ஓலை. "இலையில் சோறு போடுவது" என்று படித்துவிட்டு, அடுத்த ஓலையைத் தேடினார். இல்லை.

"அவ்வளவுதானா?" என்றார் மன்னர்.

"எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அரசே."

சேனாதிபதி துள்ளி எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன்! சண்டை போடுவதை விட்டுவிட்டார்!"

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. இன்று சொன்னதை நாளை இல்லையென்று சாதிப்பவர்கள் பெருகியதால், மன்னரின் தகப்பனார் கொண்டுவந்தது. எந்த ஆட்சேபமானாலும் சொன்னவர் பெயரோடு ஓலையில் எழுதி, பேச்சிலிருக்கும் சுவடியிலேயே கோர்த்த பிறகுதான் மன்னர் அதை விசாரிக்கலாம். ஓலைக்காரர் எழுதினார், கோர்த்தார்.

மடைப்பள்ளி அதிகாரி விடுவாரா? "தாளிக்கக் கடுகு போடுவது! வெற்றிலை போடுவது!" தோட்ட அதிகாரி விதை போட்டார், பந்தல் போட்டார். நாட்டிய ஆசான் தாளம் போட்டார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "மனைவி சத்தம் போடுவது" என்று சொல்லிவிட்டு பெண்கள் அமர்ந்திருந்த மேல்மாடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தாழ்ப்பாள், கோலம், கும்பிடு, வேஷம், தோப்புக்கரணம் என்று ஆளுக்கு ஆள் முந்தினார்கள். விகடகவிக்குத் தெரியாததைத் தான் சொல்ல வேண்டுமென்ற ஆசை யாரை விட்டது? சுவடி கைப்பிடிக்கு அடங்காமல் பெருத்தது.

ஆதிமூலத்துக்குக் கால் கடுத்தது. ஆனால் அவர் கண் பிரதானியின் மேலேயே இருந்தது. அவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

மாலை முரசு முழங்கியது. கனகசபேசர் மெல்ல எழுந்தார்.

"அரசே, இத்தனை பேர் சொல்லியும் ஒன்று விட்டுப்போயிற்று. என்னிடம் இருக்கிறது."

"சொல்லும்!"

ஆதிமூலம் கைகூப்பினார். "பொறுத்தருள வேண்டும், அரசே. பிரதானியானாலும் வழக்கம் வழக்கம்தானே? ஓலையில் ஏறிய பிறகு கேளுங்கள்."

"அதற்கென்ன, எழுதட்டும்!" என்றார் கனகசபேசர் மிடுக்காக. ஓலைக்காரரின் காதில் ஏதோ சொன்னார். ஓலைக்காரர் எழுதி, கோர்த்து, கட்டினார். அதன் பிறகே கனகசபேசர் சபையைப் பார்த்து முழங்கினார்: "தூபம் போடுவது! இது சுவடியில் இருக்கிறதா?"

"இருக்கிறது, பிரபு," என்றார் ஓலைக்காரர். "கடைசி ஓலை. பூசிய மை இன்னும் காயவில்லை."

"அது நான் சொன்னதல்லவா!"

"சுவடியில் இருக்க வேண்டும் என்றுதானே ஆணை?" என்றார் ஆதிமூலம். "யார் வாயிலிருந்து வரவேண்டும் என்று பிரதானி சொல்லவில்லையே. சண்டை சேனாதிபதிக்குத் தெரியும், கடுகு மடைப்பள்ளிக்குத் தெரியும். அறியாத நான் எழுதுவதைவிட அனுபவப்பட்டவர்கள் சொல்வதுதானே முறை? இனி யார் எதைச் சொன்னாலும் அது சுவடியில் ஏறித்தான் தங்கள் செவிக்கு வரும், அரசே."

மன்னரின் மீசை துடித்தது. "அந்தக் கடைசி ஓலையை முழுதாகப் படியும், பார்ப்போம்."

ஓலைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தூபம் போடுவது: பிரதானி கனகசபேசர்."

மன்னர் சிம்மாசனத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையும் சேர்ந்துகொண்டது. சிரித்து ஓய்ந்ததும் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து ஆதிமூலத்துக்குப் போர்த்தினார்.

"இந்த ஆசனம் உம் பரம்பரைக்குச் சாசனம். பிரதானியே கல்லில் வெட்டுவித்து நாட்ட வேண்டும். நாள் முழுதும் நின்றீர், உட்காரும்."

ஆதிமூலம் உட்கார்ந்தார். சபை கலைந்தது, மன்னரும் அந்தப்புரம் போனார். பெருக்க வந்தவள் அவர் ஆசனத்தருகே வந்து, "ஐயா, கொஞ்சம் எழுந்திருங்கள்" என்றாள்.

"சுற்றிப் பெருக்கம்மா," என்றார் ஆதிமூலம்.