பிளாஸ்க்கில் வந்த பாயசம்

அரிசி மில் முதலாளி வெள்ளியங்கிரிக்குச் சர்க்கரை எகிறியதும், சில வாரங்களுக்கு மூன்று வேளையும் சூப் மட்டும்தான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். சமையல்காரி மாரக்காள் தினமும் காய்ச்சி, பிளாஸ்க்கில் ஊற்றி மில்லுக்குக் கொடுத்தனுப்பினாள். சர்க்கரையும் இறங்கவில்லை, மனுஷரின் தொப்பையும் இறங்கவில்லை.

"இவதான் சூப்புல சர்க்கரையைக் கொட்டறா! இன்னைக்குக் குடிச்சதுகூடப் பாயசமாட்டம் இருந்துச்சு!" என்று, சம்சாரத்தையும் மாரக்காளையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் முதலாளி கத்தினார். "போடலைன்னு நிரூபி. இல்லேன்னா வேலையை விட்டு ஓடு!"

குடித்து முடித்த சூப்பை எப்படிக் காட்டுவதாம்?

"அப்படிங்களா?" என்றாள் மாரக்காள். "தினமும் உங்க சட்டையில நெய் ரோஸ்ட் வாசம் வருதேன்னு, இன்னைக்கு வெறும் வெந்நீர்தானுங்க ஊத்தினேன்." முதலாளியின் பையிலிருந்த பிளாஸ்க்கை எடுத்துத் திறந்தாள். ஒரு வாய் குறையாமல், கழுத்துவரை இருந்த வெந்நீரில் ஆவி பறந்தது.

டாக்டரம்மா மேஜையில் தலைவைத்துச் சிரித்தார். முதலாளியின் சம்சாரம் சிரிக்கவில்லை. "மாரக்கா, நாளையிலிருந்து நீயே மில்லுக்குப் போய் இவர் வாயில ஊத்து!"

சர்க்கரை மளமளவென்று இறங்கியது. இப்போது போகிற கல்யாணத்திலெல்லாம் முதலாளி தன் மன உறுதியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். பந்திக்குப் போகும் வழியை மறித்தபடி மாரக்காள் நிற்கிறாள்.