கரடி எடுத்த ஆடாத படம்

மலையடிவாரத்து ஏரிக்கரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது. இரண்டு நாளில் இரண்டு முட்டைகள் காணாமல் போயின.

"நீர்நாய்கள்தான் திருடின! என் கண்ணால் பார்த்தேன்!" என்றது கீரி.

"ஐயோ, நாங்கள் மீன் தின்கிறவர்கள்!" என்று நீர்நாய்கள் கதறின.

ஏரிக்கு நியாயம் சொல்வது யானை. "நீங்கள் எடுக்கவில்லை என்று காட்டுங்கள். இல்லையென்றால் ஏரியை விட்டுப் போகவேண்டும்" என்றது.

நீர்நாய்க் குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. எங்கே போவது?

"கவலையை விடுங்கள்! என்னிடம் கேமரா இருக்கிறது!" என்றது மந்தி. பறவை பார்க்க வந்த யாரோ பாறைமேல் மறந்துவிட்டுப் போன சின்னக் கேமரா அது.

மறுநாள் காலை மந்தி முட்டைகளுக்கு அருகே ஒரு கையால் கிளையில் தொங்கியது. மறு கையில் கேமராவை நீட்டிப் படபடவென்று அமுக்கியது. யாரென்று தெரிவதற்குள் திருடன் மூன்றாவது முட்டையோடு புதரில் மறைந்தான்.

படத்தைப் பார்த்தால், பழுப்பாக ஒரு தீற்றல்! வேறொன்றுமில்லை.

"நீர்நாயும் பழுப்புதானே! வேறென்ன சாட்சி வேண்டும்?" என்று கீரி துள்ளியது.

யானை பெருமூச்சு விட்டது. "நாளைக் காலை வரை பொறுப்பேன். அவ்வளவுதான்."

அப்போது பொம்மி என்ற கரடி முன்னால் வந்தது. "மந்தித் தம்பி, கேமராவை என்னிடம் கொடு."

"நீயா அக்கா? நீ மூச்சு விட்டாலே மரம் ஆடும்!" என்று மந்தி சிரித்தது. ஆனாலும் கொடுத்தது.

பகல் முழுதும் பொம்மி ஒரு கறையான் புற்றைப் படம் எடுத்துப் பழகியது. கையை நீட்டி எடுத்தது. புற்று இரண்டாகத் தெரிந்தது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டது, கொஞ்சம் தேவலை. மருத மரத்தில் முதுகைச் சாய்த்தது; இன்னும் தேவலை. பொத்தானை அழுத்திக் குத்தியபோது கேமரா குலுங்கியது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, நகநுனியால் மெதுவாக அமுக்கியது. புற்றின் மேல் ஊர்ந்த கறையானின் கால்கள்கூடத் தெரிந்தன!

வீடியோவுக்கு நடந்து பார்த்தது, படத்தில் ஏரியே குதித்தது. உட்கார்ந்தபடி இடுப்பை மட்டும் மெல்லத் திருப்பியது. ஏரி அசையாமல் நின்றது.

விடிந்ததும் பொம்மி கடைசி முட்டைக்கு எதிரே ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தது. ஆட்காட்டி தண்ணீர் குடிக்கப் பறந்த நேரம், புதர் அசைந்தது. வந்தது கீரி!

அதே நேரம் ஒரு முசுறு எறும்பு பொம்மியின் மூக்கில் நறுக்கென்று கடித்தது. கண்ணில் நீர் வந்தது. கை அசையவில்லை. ஒரு படம். பிறகு வீடியோ. கீரி முட்டையைக் கவ்விக்கொண்டு நகர, பொம்மியின் இடுப்பும் கூடவே மெல்லத் திரும்பியது.

"திருடா!" என்று பொம்மி பிறகுதான் உறுமியது. கீரி பயந்து முட்டையை மணலில் போட்டுவிட்டு ஓடியது. முட்டை உடையவில்லை.

வெயில் ஏறுமுன் எல்லாரும் கூடினார்கள். யானை படத்தை உற்றுப் பார்த்தது. கூர் மூக்கு தெரிந்தது. சிவந்த கண் தெரிந்தது. வாயில் இருந்த முட்டையின் கரும்புள்ளிகளை எண்ணியே விடலாம்.

"அது... அது நானில்லை..." என்று கீரி திணறியது.

"வீடியோவும் இருக்கிறது, போடட்டுமா?" என்றது பொம்மி.

கீரி தலையைக் குனிந்துகொண்டது.

"இனி இந்த ஏரிப் பக்கம் உன் காலடி படக்கூடாது!" என்றது யானை.

தாய் நீர்நாய் ஓடிவந்து பொம்மியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. மந்தி மரத்திலிருந்து இறங்கி வந்தது. "அக்கா, நிஜமாகவே இதை நீதான் எடுத்தாயா?"

பொம்மி வீங்கிய மூக்கை நிமிர்த்தியது. "நானேதான்! இந்தக் கையால்தான்!"

அன்று அந்தக் காட்டில் அதைவிடப் பெருமையாக நடந்த விலங்கு வேறில்லை.

தன் கைநடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகத் தேடி அடக்கிக்கொண்டவரே, ஊருக்கு உண்மையைத் தெளிவாகக் காட்ட முடியும்.