பாசி தின்ற பதினோரு எழுத்து

கல்லும் பாசியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பாசிக்குக் கல்லோடு எந்த உறவும் இல்லை. அது ஏரித் தண்ணீரில் மட்டும் மிதந்தது. வருடம் முழுவதும் ஒரே பச்சை.

அந்த ஏரிக்கரையில் ஒரு கல்மண்டபம் இருந்தது. தூண்கள் பன்னிரண்டு. அதன் வடக்குச் சுவரில் ஐந்து வரி எழுத்து வெட்டியிருந்தது. ஐந்து ஊர்களுக்கு மாதத்தில் எத்தனை நாள் ஏரித் தண்ணீர் என்பதுதான் அந்த எழுத்து. முதல் ஊருக்கு எட்டு நாள். அடுத்த ஊர்களுக்கு ஏழு, ஆறு, ஐந்து. கடைசி வரி கடைமடை ஊரான காரைமேட்டுக்கு. அதற்கு நாலு நாள். கூட்டினால் முப்பது.

வருடத்துக்கு ஒரு முறை, மதகு திறக்கும் நாளில், காரைமேட்டுப் பெண்கள் அந்த எழுத்தைக் கழுவிவிடுவார்கள். தாண்டவர் என்ற பெரியவர் உரக்க வாசிப்பார். கல்லில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஐந்து ஊரும் ஒப்புக்கொண்ட முறை அது.

ஒரு சமயம் மூன்று வருடம் மழை இல்லை. ஏரி வற்றியது. மதகும் திறக்கவில்லை, எழுத்தையும் யாரும் வாசிக்கவில்லை. பாசி சுருண்டு, நகர்ந்து நகர்ந்து மண்டபத்தடிக்கு வந்தது.

"அண்ணே, கொஞ்சம் நிழல் கொடுங்க. மழை விழுந்ததும் போயிடறேன்."

"வடக்குச் சுவர்ல வெயில் அதிகம் படாது, இருந்துக்கோ" என்றது கல். "எழுத்துல மட்டும் கால் வைக்காதே. என்மேல வெட்டினதுதான் எனக்கு நினைவு. அது அழிஞ்சா எனக்கே தெரியாமப் போயிடும்."

"சத்தியமா வைக்க மாட்டேன்."

இரண்டு வருடம் பாசி சொன்னபடி இருந்தது. விடியற்காலைப் பனியைக் குடித்து உயிர் பிடித்தது. மூன்றாம் வருடம் பனியும் குறைந்தது. சுவர் காய்ந்த பிறகும் எழுத்துப் பள்ளங்களில் மட்டும் ஈரம் சற்று நேரம் நின்றது. தரையோரமாக இருந்த ஐந்தாவது வரியில் இன்னும் அதிக நேரம் நின்றது. ஒரு நாள் பாசி ஒரே ஓர் எழுத்தில் இறங்கிக் குடித்தது. வழுக்காமல் நிற்பதற்காகக் கல்லைக் கடித்துக்கொண்டது. கடித்த இடம் பொடிந்தது. பொடியில் உப்பு ருசித்தது. மறுநாள் அடுத்த எழுத்து.

'காரைமேட்டுக்கு நாலு நாள்.' எண்ணிப் பார்த்தால் பதினோரு எழுத்து. மழை வந்தபோது பதினொன்றும் இல்லை. பாசி ஏரிக்குத் திரும்பவும் இல்லை.

ஏரி நிறைந்து மதகு திறக்கும் நாள் வந்தது. காரைமேட்டு உடையாள் எழுத்தைக் கழுவிவிட்டாள். தாண்டவர் நான்கு வரி வாசித்து நிறுத்தினார்.

"அஞ்சாவது வரி?" என்றாள் உடையாள்.

"இல்லையே, தாயி. மழமழன்னு இருக்கு."

"அதெப்படி? எட்டும் ஏழும் பதினஞ்சு. ஆறு சேர்த்தா இருபத்தொண்ணு. அஞ்சு சேர்த்தா இருபத்தாறு. மாசத்துக்கு முப்பது நாள். மிச்சம் நாலு யாரோடது?"

முதல் ஊர் மருதப்பன் சிரித்தார். "மிச்சம் நாலு நாள், இருக்கிறது நாலு ஊர். ஊருக்கு ஒண்ணு. இதைவிடச் சரியான கணக்கு உண்டா, உடையா?"

மற்ற மூன்று ஊர்க்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் உண்மை தெரியும். ஆளுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் தெரியும்.

கல் தயங்கிச் சொன்னது: "எனக்கு நினைவில்லை, தாயே. பாசி, நீ என்கூட இருந்தியே. அங்க ஏதாவது எழுதியிருந்ததா?"

எல்லாரும் பாசியைப் பார்த்தார்கள். இருந்தது என்றால், எங்கே போயிற்று என்று கேட்பார்கள்.

"நான் பார்க்கலை" என்றது பாசி.

அந்த வருடம் காரைமேட்டுக்குத் தண்ணீர் விடவில்லை. கதிர் விடும் பருவத்தில் பயிர் காய்ந்தது. இருபத்திரண்டு குடும்பங்கள் மூட்டை கட்டின. புறப்படுவதற்கு முந்தின நாள் உடையாள் குடத்தோடு மண்டபத்துக்கு வந்தாள். அங்கே மருதப்பன் தாண்டவரோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க பேரே இல்லாத கல்லை எதுக்குக் கழுவுறே?" என்றார் மருதப்பன்.

"பேர் இல்லாட்டி என்ன, மாமா? கழுவுறது எங்க முறை. குறை வச்சுட்டுப் போகக் கூடாது."

நான்கு வரியையும் கழுவினாள். வெறுமையாக இருந்த ஐந்தாவது இடத்தையும் கழுவினாள். குடத்தில் மிஞ்சியதைப் பாசிமேல் ஊற்றினாள். "நீயும் குடி. காஞ்சு கிடக்கே."

பாசிக்கு அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

"நான்தான் தின்னேன். பதினோரு எழுத்து. காரைமேட்டுக்கு நாலு நாள்."

மருதப்பன் முந்திக்கொண்டார். "அன்னிக்குப் பார்க்கலைன்னு சொன்ன வாய், இன்னிக்குத் தின்னேங்குது. நிழல் கொடுத்தவன் உடம்பைத் தின்னது சாட்சி சொல்ல வந்தா, அதை எப்படி நம்புறது? என்ன தாண்டவரே?"

தாண்டவர் உடையாளின் முகத்தைப் பார்க்காமல், "கல்லில் இருந்தா உண்டு" என்றார்.

"நாளைக் காலையில வாங்க. கல்லுல இருக்கும்" என்றது பாசி.

அன்றிரவு பாசி சுவரின் மற்ற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒரு வரியில் எழுத்து எழுத்தாகப் போய்ப் படுத்தது. விடியும்போது பனியில் பதினோரு எழுத்தும் பச்சையாக நின்றன. உடையாள் விரல் வைத்து வாசித்தாள். ஒன்றும் குறையவில்லை. மருதப்பனையும் தாண்டவரையும் கூட்டிவர ஆள் அனுப்பினாள். மருதப்பன் குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, உச்சி வெயிலில் தாண்டவரோடு வந்தார். அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. எழுத்து எழுத்தோடு ஒட்டிக் கறுத்துக் கிடந்தது.

"கரி அப்பின மாதிரி இருக்கு. இதுல என்னத்தை வாசிக்கிறது?" என்று அவர் திரும்பிப் போனார். தாண்டவரும் பின்னால் போனார்.

இருபத்திரண்டு குடும்பங்களும் அன்று மாலைக்குள் போய்விட்டன. கல், பாசியைப் போ என்று சொல்லவில்லை. அதன் பிறகு கல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மழையில் பச்சையாக எழுந்து, வெயிலில் கறுத்து, எத்தனை முறை சுரண்டினாலும் பாசி கல்லுக்கே திரும்பி வருவது அன்று தொடங்கியதுதான். அந்த வரியை எழுதிவைத்துவிட வேண்டும் என்றுதான் வருகிறது. ஆனால் எழுத வேண்டுமானாலும் அதற்குக் கல்லைக் கடிக்க மட்டுமே தெரியும்.