பெரியப்பாவுக்கு ஈடு நாற்பது வடை

ஒன்று குறைந்தால் இன்னொன்றைக் கூட்டி, மனிதனின் திருப்தியை ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் நிறுத்தும் கோட்டுக்குப் பொருளியலில் சமநோக்கு வளைகோடு என்று பெயர். அதைச் சீமைப் பேராசிரியர்கள் கண்டுபிடித்ததாக உலகம் நம்புகிறது. மன்னிக்க முடியாத பிழை. அதைக் கண்டுபிடித்தவர்கள் மொட்டப்பாறையில், நல்லதம்பி மகள் கல்யாணத்தில், பந்தி பரிமாறிய மூவர்.

மாப்பிள்ளை அழைப்பு விருந்துக்கு முன் நல்லதம்பி அவர்களை ஓரமாக அழைத்தார்.

"மாப்பிள்ளையோட பெரியப்பா வீரணன் மனசு இப்ப இருக்கிறபடியே இருக்கணும்ப்பா. இறங்கினா கல்யாணத்தை நிறுத்திடுவாரு. ஏறினா பாட ஆரம்பிச்சிடுவாரு."

"வடை தீர்ந்துட்டா?" என்றான் பேச்சிமுத்து. மூவரில் அவனே அறிவாளி என்று மற்ற இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

"ஒரு வடைக்கு ரெண்டு அப்பளம் போடு. அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பந்தியில் வீரணன் இன்னொரு வடை கேட்டார். பேச்சிமுத்து வைத்தான். சடையாண்டி அவர் இலையிலிருந்து இரண்டு அப்பளத்தை எடுத்துக்கொண்டான்.

"டேய், என்னடா இது?"

"மனசு ஏறிடக்கூடாதுங்கய்யா."

அடுத்துப் பாயசம் கேட்டார்.

"இதுக்கு எதை எடுக்கிறது?" என்றான் சடையாண்டி.

"கடிச்ச வடையை எடு," என்றான் பேச்சிமுத்து. "ருசி தெரிஞ்ச வடை. மதிப்பு கூட."

கடித்த வடை போயிற்று. மோர் கேட்டார், சோறு போயிற்று. தண்ணீர் கேட்டார், இலையைச் சுருட்டிவிட்டார்கள்.

"இந்தச் சம்பந்தமே வேண்டாம்!" என்று கத்திவிட்டு வீரணன் பஸ் ஏறினார்.

"பெரியப்பா இல்லாம தாலி ஏறாதுடா, பாவிகளா!" என்று நல்லதம்பி தலையில் கை வைத்தார்.

மூவரும் அடுப்படியில் கூடினார்கள்.

"பெரியப்பா ஒண்ணு குறையுது. வடையைக் கூட்டுவோம்," என்றான் பேச்சிமுத்து.

"எத்தனை? ஆளு தொண்ணூறு கிலோ இருப்பாரே," என்றான் மாடசாமி.

"உடம்பை விடு. நாம ஈடு கட்டுறது மனசுக்கு. அது சின்னதுதான்."

நாற்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் முகூர்த்தத்தில், பெரியப்பாவின் நாற்காலியில் வடைக்கூடையை வைத்து மாலையும் போட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா கூடையை உற்றுப் பார்த்தார். ஒரு வடையை எடுத்துத் தின்றார்.

"அண்ணன் இவ்வளவு நேரம் பேசாம இருந்ததே இல்ல," என்றார். "கெட்டிமேளம்!"

கல்யாண ஆல்பத்தில், மாப்பிள்ளைக்கு வலப்புறம் உள்ள நாற்காலியில், மாலை போட்ட கூடையில் முப்பத்தொன்பது வடையும் இரண்டு அப்பளமும் இருக்கின்றன.