அறுபத்திரண்டாம் வளைக்கு வழி

முயல்மேட்டில் நூறு வளைகள் இருந்தன. எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். விருந்துக்கு வருபவர்கள் யார் வளைக்குள்ளாவது தலையை நீட்டிவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்புவார்கள். அதனால் முயல்கள் ஒவ்வொரு வளைக்கும் ஓர் எண் கொடுத்திருந்தன.

மேட்டின் அடிவாரத்தில் ஒரு வேங்கை மரம். அங்கே இருந்த கிளியும் மைனாவும் வருபவர்களுக்கு வழி சொல்லும்.

எந்த எண் வளையில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, நூறு வளைகளுக்கும் நூறு வழிகளைக் கிளி மனப்பாடம் செய்திருந்தது. யார் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்.

மைனா அப்படி இல்லை. மேட்டுக்குப் போகும் பாதையைக் காட்டெருமைகள்தான் மிதித்து உண்டாக்கும். மழை பெய்தால் ஒரு பக்கம், வெயில் அடித்தால் இன்னொரு பக்கம் என்று மாறி மாறிப் போகும். மைனா தினமும் காலையில் காட்டெருமையின் முதுகில் போய் உட்காரும்.

"அண்ணே, இன்றைக்கு மேட்டுக்கு எந்தப் பக்கமாகப் போகிறீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளும். பிறகு வழி கேட்பவர்களிடம், "எத்தனையாவது வளை?" என்று விசாரிக்கும். அன்றைய பாதையோடு அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லும்.

"ஒரு வழியைக்கூட உன்னால் நினைவில் வைக்க முடியாதா?" என்று கிளி சிரிக்கும்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் மழை விட்டதும் கீரி மூச்சிரைக்க ஓடிவந்தது. வாயில் கவ்வியிருந்த மருந்து வேரைக் கீழே வைத்தது.

"செவ்வந்தி முயலின் குட்டியைத் தேள் கொட்டிவிட்டதாம்! சீக்கிரம் வழி சொல்லுங்கள்!"

மைனா இன்னும் வந்திருக்கவில்லை. கிளி உடனே ஒப்பித்தது. "நாவல் மரத்தில் இடப்பக்கம் திரும்பு, ஓடைக்கரையோடு போ, பாறையைத் தாண்டு, அறுபத்திரண்டாவது வளை!"

கீரி பறந்தது. ஆனால் ஓடைக்கரையை வெள்ளம் அரித்திருந்தது. கால் வைத்த இடம் அப்படியே சரிந்தது! ஒரு மரவேரைப் பற்றிக்கொண்டு எப்படியோ தப்பித்தது. தலை முதல் வால் வரை சேற்றோடு திரும்பி வந்தது. மருந்து மட்டும் வாயில் பத்திரமாக இருந்தது.

அதைக் கீழே வைத்துவிட்டு, "அங்கே கரையே இல்லை!" என்று கத்தியது.

கிளி வெட்கத்தில் இலைகளுக்குள் ஒளிந்துகொண்டது. அந்த நேரம் மைனா வந்து சேர்ந்தது. விஷயத்தைக் கேட்டதும், "மூங்கில் புதர் வழியாகப் போ! காட்டெருமைகள் இப்போதுதான் அங்கே ஏறின. எத்தனையாவது வளை?" என்றது.

"ஐயோ, விழுந்த பயத்தில் எண் மறந்துவிட்டதே! நீயே சொல்லேன்!"

"எனக்கும் தெரியாதே! எண் இல்லாமல் போனால் நூறு வளையிலும் தேட வேண்டும். குட்டி அதுவரை தாங்காது!"

இலைகளுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "அறுபத்திரண்டு."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாதைதான் மாறிவிட்டது. செவ்வந்தி இருக்கும் வளை மாறவில்லை. இதையாவது நம்புங்கள்!" என்றது கிளி.

"நம்புகிறேன்!" என்று சொல்லிவிட்டுக் கீரி மூங்கில் புதருக்குள் பாய்ந்தது.

அறுபத்திரண்டாம் வளையில் குட்டி கண்ணைத் திறக்கவே இல்லை. கீரி வேரை மென்று காயத்தில் வைத்துக் கட்டியது. சாற்றைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டது. செவ்வந்தி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிவேளையில் குட்டி, "அம்மா, பசிக்குது" என்றது.

மறுநாள் செவ்வந்தி குட்டியோடு வேங்கை மரத்தடிக்கு வந்தாள். மைனாவைக் கும்பிட்டாள். கிளியையும் கும்பிட்டாள்.

"எனக்கு எதற்கு நன்றி? நான் கீரியை வெள்ளத்தில் தள்ளப் பார்த்தவள்!" என்று கிளி தலைகுனிந்தது.

"தப்பு செய்தபின் வாயை மூடிக்கொள்ளாமல், தெரிந்ததைச் சொன்னாயே, அதற்கு! நீ சொல்லாவிட்டால் என் பிள்ளை எனக்கில்லை."

கிளியின் கண்கள் கலங்கின. அது மைனாவின் பக்கம் திரும்பியது. "உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நீ வராவிட்டால் அந்தக் குட்டியின் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்!"

போகும் பாதை நாளுக்கு நாள் மாறும் என்பதால், பழையதை ஒப்பிக்காமல் இன்றைய பாதையையும் சேரவேண்டிய இடத்தையும் தெரிந்துகொண்டு சொல்வதே சரியாக வழிகாட்டுவதாகும்.